முதல் காசு மைக்குக்குத்தான்: ஷூர் எஸ்எம்58, ஒரு வியாசர்பாடி பேண்டோட அனுபவம்

புதுசா பேண்டு ஆரம்பிக்கிற பசங்க எங்க ரூமுக்கு வந்தா முதல்ல கேக்கிறது, "அண்ணா, எந்த கிடார் வாங்கலாம்?"னுதான். அடுத்தது கிடார் சத்தத்தை மாத்தற பெடல். அதுக்கு அடுத்தது டிரம் செட்டோட தட்டு, அதான் சிம்பல். மைக்கைப் பத்தி ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். மைக்குனா மேடைக்காரன் கொடுப்பான், ஜாம் ரூம்ல கெடக்கும், சர்ச்சுல இரவல் கேட்டா கிடைக்கும்னு ஒரு நெனப்பு. நான் சொல்றது வேற. கிடார் அவனவன் சொந்தப் பாடு. எல்லாரும் சேந்து காசு போட்டு ஒரே ஒரு பொருள் வாங்கறீங்கன்னா, அது பாடறவன் கையில இருக்கணும். எங்க பேண்டு பொதுக்காசுல வாங்கின முதல் பொருள் ஷூர் எஸ்எம்58. இப்பவும் அதுலதான் பாடறோம்.

விலை பத்தாயிரத்தை ஒட்டி வரும், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். முக்கியமா ரெண்டு மாடல் இருக்கு. எல்சின்னு போட்டிருந்தா டப்பாவுல கேபிள் இருக்காது, மைக்ல சுவிட்சும் இருக்காது. எஸ்னு முடிஞ்சா சுவிட்ச் வெச்சது. சுவிட்ச் இல்லாததை வாங்குங்க. மேடையில பதட்டத்துல கை பட்டு ஆஃப் ஆகி, முதல் வரி மொத்தமும் போய், பாடறவன் வாய் மட்டும் அசையறதைப் பாத்த கூட்டத்துல நானும் நின்னிருக்கேன். அது வேற பேண்டு, நல்ல வேளை.

மைக்கோட சரித்திரம் கொஞ்சம். ஷூர் அமெரிக்கக் கம்பெனி. இதோட அண்ணன் மைக் எஸ்எம்57 வந்தது 1965, எஸ்எம்58 வந்தது 1966. உள்ள சத்தத்தை வாங்கற பாகம் இருக்கே, கேப்சூல், அதோட மூலம் அதைவிடப் பழசு. எர்னி சீலர்னு ஒரு இன்ஜினியர் பண்ணின யூனிடைன் 3, 1959-ல வந்தது. எஸ்எம்னா ஸ்டூடியோ மைக்ரோஃபோன். ஸ்டூடியோவுக்குனு செஞ்சதை ராக் மேடைக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. டைனமிக் வகை. குரல் பட்டதும் ஒரு மெல்லிய சவ்வு ஆடும். அதோட ஒட்டின கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவுல ஆடும். அதுலயே கரண்ட் பொறந்துடும். பேட்டரி வேணாம், மிக்சர்ல இருந்து கேபிள் வழியா மைக்குக்கு அனுப்பற ஃபேண்டம் பவர் வேணாம். எங்க ஏரியாவுல கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறி இறங்கற மேடையில அது சின்ன விஷயம் இல்ல.

எங்க கதைக்கு வர்றேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல சாதிக்கு எதிராப் பாடற தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவோட முதல் நிகழ்ச்சி. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவோட மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேந்து பண்ணினது. மேடையில 19 பேர். ஒரு பக்கம் டிரம் செட்டும் கிடாரும், இன்னொரு பக்கம் பறையும் சட்டி மேளமும். முன்னாடி கானா பாடறவங்க, ராப் பண்றவங்க. ராப்பர் அறிவு அங்கதான், கானா பாடற இசைவாணியும் அங்கதான். 2020-ல பிபிசி போட்ட 100 பெண்கள் பட்டியல்ல இசைவாணி பேரு வந்தப்ப எங்க தெருவே ஸ்டேட்டஸ் வெச்சுச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு மனசுல நின்னது ஒண்ணுதான். அத்தனை தோல் வாத்தியத்துக்கும் நடுவுல வரி காதுல விழுந்துச்சு. எங்க ஊர் பேச்சு, எங்க ஊர் கோவம், எல்லாம் புரியற மாதிரி. பக்கத்துல நின்ன பெரியவர் ஒரு வரிக்கு வாய்விட்டுச் சிரிச்சார். ராக் கச்சேரியில வரியைக் கேட்டு ஒருத்தர் சிரிச்சு நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல.

அதுக்கப்புறம் வட சென்னையில எத்தனை ரூம்ல எத்தனை பேண்டு ஆரம்பிச்சுதுன்னு யாரும் கணக்கு எடுக்கல. எங்களுதும் அதுல ஒண்ணு. டிரம்மர் தம்பி பெந்தெகொஸ்தே சபையில ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாசிச்சு கத்துக்கிட்டவன். இங்க பாதி டிரம்மருங்க அப்படித்தான் வந்தாங்க, சபைக்கு அவங்க நன்றி சொல்லணும். லீட் கிடார் பெரம்பூர் ரயில்வே குடும்பம், தாத்தா காலத்துல இருந்து வீட்ல ஒரு கிடார் தொங்குது. பேஸ் வாசிக்கிற அண்ணன் துறைமுகத்துல ஷிஃப்ட் வேலை. நான் ரிதம் கிடார், மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். அதனால சால்ட்ரிங் வேலை எல்லாம் என் தலையில. பாடறவன் சாவு வீட்ல விடிய விடிய மரண கானா பாடிப் பழகினவன். அவனுக்கு மைக் புதுசில்ல. மைக்குக்கு எதிரா டிரம் செட் அடிக்கிறதுதான் புதுசு.

எம்.கே.பி. நகர்ல ஒரு லேத் பட்டறைக்கு மேல ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவத்துல முட்டை அட்டை ஒட்டியிருந்தோம் (அது சத்தத்தை வெளிய போகாம தடுக்கும்னு யார் கிளப்பி விட்டாங்களோ, ஒரு மயிரும் தடுக்காது, கீழ் வீட்டு ஆயா சாட்சி). ஆரம்பத்துல வாடகை மைக், வாடகை ஸ்பீக்கர். டிரம்மர் கிராஷ் சிம்பலைத் தொட்டாலே குரல் காணாமப் போயிடும். வால்யூமை ஏத்தினா கூவும். பாடறவன் தொண்டை கிழியக் கத்துவான். அடுத்த நாள் சாவு வீட்ல அவனுக்குக் குரல் வராது, அங்கதான் அவனுக்குச் சோறு. "மச்சான், உங்க ராக்கு என் பொழப்பைக் கெடுக்குதுடா"ன்னு ஒரு நாள் மைக்கை வெச்சிட்டு டீக்கடைக்குப் போயிட்டான். பேண்டு அன்னைக்கே கலைஞ்சிருக்க வேண்டியது. அப்போ அதுக்குப் பேரு கூட வெக்கல.

மைக்குக்குக் காசு வந்தது லைட் மியூசிக் கச்சேரியில. சொந்தப் பாட்டுக்கு இந்த ஊர்ல ஆரம்பத்துல யாரும் காசு தர மாட்டாங்க. கல்யாண ரிசப்ஷன்ல சினிமா பாட்டு வாசிச்சு வந்த பங்குல கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கினோம். பேஸ் அண்ணன்தான் கேஷியர். நிலுவை வெச்சவங்க பேரை ரூம் கதவுல சாக்பீஸால எழுதுவார். லீட் கிடாருக்கு அந்தப் பணத்துல பெடல் வாங்கணும்னு ஆசை. சண்டை வந்துச்சு. அண்ணன் ஒரே வார்த்தை: "அவன் பாடலைன்னா நீ யாருக்கு வாசிக்கப் போற?"

மைக் வந்தப்புறம் என்ன மாறுச்சுன்னு கேட்டா, வாங்கினதால மட்டும் எதுவும் மாறல. அதை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரிஞ்சப்பதான் மாறுச்சு. எஸ்எம்58 கார்டியாய்டு. முன்னாடி வர்ற சத்தத்தை நல்லா வாங்கும், பக்கவாட்டுல குறைச்சு வாங்கும், நேர் பின்னாடி, அதாவது கேபிள் சொருகற வால் பக்கம், ரொம்பக் கம்மியா வாங்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க. எல்லா பேண்டும் ரூம்லயும் மேடை மாதிரியே நிப்பாங்க. பாடறவன் முன்னாடி, டிரம்மர் அவன் முதுகுப் பக்கம். அப்போ மைக்கோட வாய் எங்க பாக்குது? பாடறவன் வாயை. அவனுக்குப் பின்னாடி? டிரம் செட்டு. குரலையும் சிம்பலையும் சேத்தே அள்ளிப் போடுது. பாடறவனை அப்படியே திருப்பி டிரம்மர் முகத்தைப் பாத்து நிக்க வெச்சோம். மைக்கோட வால் இப்ப டிரம் பக்கம். சின்ன ரூம்ல சுவத்துல பட்டு வர்ற சத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனாலும் அதே வால்யூம்ல குரல் மேல ஏறி வந்துடுச்சு. பாடறவனுக்கே அவன் குரலைக் கேக்க வெக்கிற மானிட்டர் ஸ்பீக்கரையும் அதே வால் நேருக்கு வெச்சோம், கூவறது அடங்குச்சு.

இதுல கூடுதலா ஒண்ணு நடந்துச்சு. அதுவரை நாங்க நாலு பேர் அவன் முதுகுக்கு வாசிச்சிட்டிருந்தோம். திரும்பி நின்னதும் எங்க மூச்சு எடுக்கிறான், எந்த வார்த்தையை இழுக்கப் போறான்னு டிரம்மர் தம்பி கண்ணுல பாத்தே வாசிக்க ஆரம்பிச்சான். கானாவுல பாடறவன் இஷ்டத்துக்குத் தாளம் நீளும், குறையும். அது டிரம் செட்டுக்கு வந்து ஒட்டினது அந்த நிலையில நின்னப்பதான். எங்க சொந்தப் பாட்டு முதல் நாலஞ்சும் அந்த மாசத்துல வந்தது.

அடுத்த தலைவலி கை. கானா பாடறவங்க, ராப் பாடறவங்க ரெண்டு பேருமே மைக் தலையை உள்ளங்கையில பொத்திப் பிடிப்பாங்க. பாக்க கெத்தா இருக்கும். ஆனா இந்த மைக் ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் வாங்கறதே, அந்தக் கம்பி வலைக்குள்ள கேப்சூலுக்குப் பின்னாடி காத்து போற வழி இருக்கறதாலதான். அதைப் பொத்தினா கார்டியாய்டு கதை முடிஞ்சுது. எல்லாப் பக்கமும் வாங்கும், உடனே கூவும், குரலும் டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். எங்க ஆளுக்கு வாயால சொல்லிப் பாத்தோம், கேக்கல. வலைக்குக் கீழ இருக்கிற வளையத்துல சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி, "இதுக்கு மேல கை போச்சுன்னா பிரியாணி உன் கணக்கு"ன்னேன். பிரியாணி சிலது வந்துச்சு. அப்புறம் பழகிட்டான்.

ஒதடு ஒட்டிப் பாடினா அடிக்குரல் கனமாகும், தள்ளிப் பிடிச்சா மெலிசாகும். இந்தக் குணத்தை அவன் யாரும் சொல்லிக் கொடுக்காமயே பிடிச்சுக்கிட்டான். ஒப்பாரி மாதிரி இறங்கற இடத்துல வலையை ஒதட்டுல ஒட்டிடுவான், உச்சத்துல கத்தற இடத்துல ஒரு ஜாண் தள்ளிடுவான். பழைய மைக் செட்டுக் கொழாய்ல பாடி வந்த தொழில் அது. அதிர்வெண் கணக்குல பாத்தா 50 ஹெர்ட்ஸ்ல இருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இந்த மைக். பளபளன்னு மேல ஏறாது. ஆனா பேச்சுல மெய்யெழுத்து தெளிவா கேக்கிற இடத்துல கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ற, ட, ச எல்லாம் டிரம் செட்டுக்கு நடுவுலயும் தப்பிச்சு வெளிய வரும். நான் இந்த மைக்குக்கு மார்க் போடறது இதுக்காகத்தான்.

லீட் கிடார் இதை ஒத்துக்க மாட்டான். அவனுக்கு ஆர்.இ.எம்.னு ஒரு அமெரிக்க ராக் பேண்டு உயிர். ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ்ல 1980 ஏப்ரல் 5, ஒரு பழைய சர்ச்சுல நடந்த பிறந்தநாள் பார்ட்டிதான் அவங்க முதல் மேடை. அடுத்த வருஷம் ஹிப்-டோன்னு ஒரு சின்ன லேபிள்ல முதல் சிங்கிள். அந்த ஆரம்ப வருஷத்துல அவங்க பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்ன பாடறார்னே பாதி புரியாது, அதையே அழகுன்னு கொண்டாடினாங்க. "பாத்தியா, வரி புரியணும்னு சட்டமா இருக்கு?"ன்னு கேப்பான். ஏதென்ஸ்ல சட்டம் இல்லாம இருக்கலாம். வியாசர்பாடியில இருக்கு. இங்க கூட்டத்துல நிக்கிற ஒவ்வொருத்தனும் நாலு கானா கேட்டு வளந்தவன். ஒரு வரி புரியலைன்னா, "தம்பி, இன்னா பாடறன்னே தெர்ல, கொஞ்சம் வாயத் தொறந்து பாடு"ன்னு நேரா சொல்லிடுவான். சொல்லவும் செஞ்சாங்க.

சொன்னது ஏப்ரல் 14 தெரு மேடையில. அங்க மைக் மேல தப்பு இல்ல, கேபிள் மேல. இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். நம்ம ஊர் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பலதுல பி38 ஜாக்தான், அதாவது கிடார் கேபிள் நுனியில இருக்கிற மாதிரி தடிச்ச ஒத்தைப் பின், சொருகற மாதிரி இருக்கும். எஸ்எம்58-ல இருக்கிறது மூணு பின் எக்ஸ்எல்ஆர், நம்ம ஆளுங்க பாஷையில கேனன் பின். ஒரு பக்கம் கேனன், இன்னொரு பக்கம் மோனோ ஜாக் வெச்ச கேபிள் போட்டா வேலை செய்யும். ஆனா மேடையில இருந்து ஆம்ப்ளிஃபயர் தெருமுனையில, நடுவுல சீரியல் செட்டு ஒயர், டியூப்லைட் சோக்கு. அவ்ளோ தூரம் அப்படி இழுத்தா ம்ம்ம்னு இரைச்சல் வந்து உக்காந்துக்கும். ரெண்டு பக்கமும் கேனன் வெச்ச பேலன்ஸ்டு கேபிள்னா அந்த இரைச்சல் தன்னைத்தானே அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும். இப்ப நாங்க சின்ன மிக்சர் ஒண்ணு மேடையிலயே வெச்சு, அதுல கேனன்ல சொருகி, அங்க இருந்து லைன் லெவல்ல, அதாவது மைக்கை விட பலமான சிக்னலா, அவங்களுக்குக் கொடுத்துடறோம். மைக் செட் அண்ணனும் சந்தோஷம், நாங்களும் சந்தோஷம்.

டூப்ளிகேட் பத்தி சொல்லியே ஆகணும். உலகத்துலயே அதிகமா போலி அடிக்கிற மைக்ல இது ஒண்ணு. பேஸ் அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு கடையில பாதி விலைக்கு வாங்கி வந்து எங்ககிட்ட காட்டினார். கடை பேரு வேணாம். டப்பா, ஸ்டிக்கர், மேனுவல் எல்லாம் அச்சு அசல். என் கடைத் தராசுல ரெண்டையும் வெச்சேன். அசல் 298 கிராம். அவருது கையிலயே லேசுன்னு தெரிஞ்சுது, தராசும் அதையே சொல்லுச்சு. வலையைக் கழட்டினேன். எங்களுதுல மரை வழுக்கிட்டு சுத்தும். அதுல ஒரு சுத்துக்கு அப்புறம் கரகரன்னு பிடிச்சுக்கிச்சு. காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ள ஏதோ கடகடன்னுச்சு. பாடிப் பாத்தா நடுக்குரல் மட்டும் கொழாய் மாதிரி வந்துச்சு, கையில சும்மா தடவினாலே ஸ்பீக்கர்ல இடி. அசல்ல கேப்சூலை ஒரு அதிர்ச்சி தாங்கி மேல உக்கார வெச்சிருப்பாங்க, அதனால கை சத்தம் கம்மி. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்ல அசலும் கிடைக்கும், மத்ததும் கிடைக்கும். ஜிஎஸ்டி பில்லு போட்டுத் தர்ற அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்ட மட்டும் வாங்குங்க. மவுண்ட் ரோட்ல 1842-ல இருந்து இருக்கிற மியூசி மியூசிகல் மாதிரி பழைய இசைக்கருவிக் கடையில விலையைக் கேட்டு வெச்சுக்கிட்டா, எந்த விலை சந்தேகப்படற விலைன்னு ஒரு அளவு கிடைக்கும்.

அடி தாங்குமான்னா, தாங்கும். பொங்கல் மேடையில ஸ்டாண்டோட சாஞ்சு தரையில விழுந்து வலை ஒரு பக்கம் சப்பையாச்சு. எடுத்துப் பாடினான், ஒண்ணும் ஆகல. வலை தனியா வாங்கலாம், நம்பர் ஆர்கே143ஜி. கேப்சூலே போனாலும் ஆர்59னு கேட்டா கிடைக்கும், மாத்திக்கலாம். சுத்தம்தான் யாரும் பண்றதில்ல. வலையைக் கழட்டி உள்ள இருக்கிற ஃபோமை மோந்து பாருங்க, சாவு வீட்டு ராத்திரிக்கு அப்புறம் பீடி, டீ, எச்சில், தூக்கம் எல்லாம் அதுல இருக்கும். வலையை மட்டும் சோப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காஞ்சப்புறம் மாட்டணும். கேப்சூல் மேல ஒரு சொட்டு படக்கூடாது. ஈரத்தோட மாட்டவும் கூடாது.

குறைன்னு பாத்தா, சத்தம் குறைவாத்தான் கொடுக்கும். மேடையில தெரியாது, ரெக்கார்டிங்ல தெரியும். மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸ்ல போட்டு டெமோ எடுத்தப்ப, மைக் சத்தத்தைப் பெருக்கற கெயினை முக்கால்வாசிக்கு மேல திருக வேண்டியிருந்துச்சு. கீழ லேத் ஓடாத நேரமா பாத்து எடுத்தோம். மெதுவா முணுமுணுக்கிற பாட்டுக்கு இது லாயக்கில்ல, மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக்தான் வேணும். ஆனா அதே டெமோல கிடார் ஆம்ப்ளிஃபயர் முன்னாடியும் இதையேதான் வெச்சோம், டோலக்குக்கும் இதையேதான். எஸ்எம்57-ம் இதுவும் உள்ளுக்குள்ள ஒரே குடும்பம், அதனால கிடார் நல்லாவே வந்துச்சு. ஒரே மைக்கை மாத்தி மாத்தி வெச்சு நாலு பாட்டு முடிச்சோம்.

"ஷூரோட பீட்டா 58ஏ வாங்கலாமே"ன்னு கேப்பாங்க. அது சூப்பர்கார்டியாய்டு, பக்கவாட்டுல இதைவிடக் கம்மியா வாங்கும், சத்தமும் கூட கொடுக்கும், விலையும் கூட. ஆனா அதுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் காது இருக்கு, மானிட்டரை வாலுக்கு நேரா வெச்சா கூவும், ரெண்டு பக்கமும் தள்ளி வெக்கணும். தெரு மேடையில ஸ்பீக்கரை எங்க வெக்கிறதுன்னு நம்மளைக் கேட்டா வெக்கறாங்க? சென்ஹைசர் இ835 நல்ல மைக்தான், தள்ளிப் பிடிச்சாலும் குரல் அவ்ளோ மெலியாது, வாயை ஆட்டிப் பாடறவங்களுக்குச் சரி. எங்க ஆளு அந்த மெலியறதையும் கனக்கறதையும் வெச்சே பாடறவன், அதனால அவனுக்கு அது உப்பில்லாத மாதிரி இருந்துச்சு. காசே இல்லைன்னா பெரிஞ்சர் எக்ஸ்எம்8500, விலை ரொம்பக் கம்மி, போலி 58-க்குக் கொடுக்கிற காசை விட அதுக்குக் கொடுக்கிறது எவ்வளவோ மேல்.

பட்ஜெட் போடறப்ப மைக்கோட நல்ல கேபிளையும் கனமான அடி வெச்ச ஸ்டாண்டையும் சேத்துப் போடுங்க, எல்சி டப்பாவுல ரெண்டும் வராது. பேஸ் அண்ணன் தங்கச்சி இப்ப எங்ககூட பாட வந்திருக்கு. அதுக்கு இன்னொரு எஸ்எம்58 சொல்லி வெச்சிருக்கோம், லீட் கிடாரோட பெடல் இந்த வருஷமும் தள்ளிப் போயிருக்கு.